உயிரோடிருந்தவருக்குப் பாடிய ஜெபம்

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று காலை ஒரு மனிதரை உயிரோடு பரலோகம் அனுப்பிவைத்தேன். அவர் என் இடது தோளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

நாளைக்குள் இதை ஊரே என்னைவிட நன்றாகச் சொல்லப்போகிறது. அதற்குள், ஜெபம் பாடும் ஹஸான் ஐவர் மெல்லிக்காகிய நானும் என் பங்குக்கு ஒன்று எழுதி வைக்கிறேன்.

ஆர்னல்ட் டஸ்கினின் அண்ணன் இறந்த நாள் இன்று. வருஷம் தவறாமல் இந்த நாளில் டஸ்கின் எங்கள் யூத ஜெபக்கூடத்தில் காலை ஜெபத்துக்கு வருவார். பிறகு எல்லாருக்கும் விஸ்கியும் கேக்கும் தருவார். அதனாலேயே இந்த நாளில் ஆள் வரவு கொஞ்சம் அதிகம். தோரா வேதச் சுருளைத் திறந்ததும் நான்தான் அவரை எபிரேயப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தேன்: "மோசேயின் மகன் ஆரோன் வருக." வழக்கம்போல் சட்டைப் பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு வந்து நின்றார். வாசிப்பு முடிந்தது. இறந்தவருக்கான ஜெபத்தை எடுத்தேன். "இரக்கம் நிறைந்த இறைவா, தன் நித்திய வீட்டுக்குப் போய்விட்ட..." இங்கே 'மோசேயின் மகன் நாத்தான்' என்று வர வேண்டும். வாய் இரண்டு நிமிஷம் முன்பு சொன்னதையே சொல்லிவிட்டது. மோசேயின் மகன் ஆரோன். அதுவும் சும்மாவா சொன்னேன்? அந்த இடத்தில் ஒரு நீண்ட கமகம் உண்டு. விடாமல் போட்டேன்.

மேனி பிளாங்க் மூக்கால் சிரித்தான். எங்கள் குரு ரபி லிஃப்ஷின் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அவமானத்தில் எனக்குக் காது மடல் சுட்டது. டஸ்கின் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சாந்தமாக நின்றார். பெரிய மனுஷன் என்று நினைத்தேன்.

ஜெபம் முடிந்து எல்லாரும் மேசைக்குப் போனோம். டஸ்கின் காதைச் சரிசெய்துகொண்டு கையில் கிளாஸோடு நின்றார். நான் நேராக அவரிடம் ஓடினேன். காதருகே குனிந்து, "மன்னிச்சுக்கோங்க மிஸ்டர் டஸ்கின். அண்ணன் பேருக்குப் பதிலா உங்க பேரைச் சொல்லி இறந்தவங்க ஜெபத்தைப் பாடிட்டேன்" என்றேன்.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. விஸ்கியை வாயில் வைக்காமலே கீழே வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரபி அருகில் வந்து, "போய்ச் சொல்லிட்டீங்களா?" என்றார். "நான் கோழையில்லையே" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மனைவி ரோஷெலிடம் சொன்னேன். சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். பிறகு: "பேரு சீட்டுல எழுதிக் கண்ணு முன்னாடிதானே இருக்கும், ஐவர்? அதைப் பாக்காம எதைப் பாத்தே?"

விஸ்கி பாட்டிலை. இதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நேற்று ஓய்வுநாள். மூன்றாம் வரிசையில் டஸ்கின் இடம் காலி. அவர் சொந்தத் திரைச்சீலைக் கடை நடத்திய காலத்தில்கூட ஒரு ஓய்வுநாள் தவறியதில்லை என்பார்கள்.

மாடியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஹெட்டி என்னைப் பார்த்து கைக்குட்டையை ஆட்டினாள், கப்பலில் போகிறவருக்கு ஆட்டுவதுபோல. மேனியும் ஹெட்டியும் நாற்பது வருஷத் தம்பதி. அந்த வீட்டில் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, வாய்க்குக் கிடையாது. சொல்கிறேன் பார், நான்! இந்தத் தென் கிளாஸ்கோவில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டில் யார் பேசுவதில்லை என்பதெல்லாம் முதலில் என் காதுக்கு வந்து, பிறகுதான் ஊருக்குப் போகும். ரபி பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறார். ஹஸான் நான் பாடுவதற்கு வாங்குகிறேன். பேசுவது இலவசம்.

உயிரோடிருக்கும்போதே இறந்ததாகச் சொல்லப்பட்டவன் நூறு வருஷம் வாழ்வான் என்று அம்மா சொல்வாள். டஸ்கினுக்கு எழுபத்தாறு. லாபம்தானே?

அப்படியானால் அவர் ஏன் அப்படி வெளுத்தார்?

செப்டம்பர் 2, திங்கள்

இன்றுமுதல் காலைதோறும் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுகிறோம். எங்கள் புத்தாண்டுக்கு ஒரு மாதம்கூட இல்லை, அதன்பின் பாவநிவிர்த்தி நாள். மனுஷனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பையெல்லாம் அதற்குள் கேட்டு முடித்துவிட வேண்டும். கடவுள் தனக்குச் செய்ததைத்தான் மன்னிப்பார். டஸ்கினுக்குச் செய்ததை டஸ்கின்தான் மன்னிக்க வேண்டும்.

ரோஷெலின் தேன் கேக்கோடு போனேன். கதவைச் சங்கிலியோடு கொஞ்சமாகத் திறந்தார். மழை. நான் சத்தமாக ஆரம்பித்தேன். அவர் காது மெஷின் கீச்சென்று கத்தியது.

"கத்தாதே. யார் சொன்னது உனக்கு?"

"எது மிஸ்டர் டஸ்கின்?"

என்னையே பார்த்தார். சங்கிலி வழியாகக் கேக்கை வாங்கிக்கொண்டார். கதவு மூடிவிட்டது.

யார் எதைச் சொன்னார்கள்? என் காதுக்கு வராத சேதி ஒன்று இந்த ஊரில் இருக்கிறதா?

செப்டம்பர் 9, திங்கள்

ரபி கூப்பிட்டு அனுப்பினார். முப்பத்தாறு வயது, லண்டன்காரர், ஓட்டப்பந்தயம் ஓடுகிறார், காபி தொடமாட்டார். காபி குடிக்காதவரிடம் நல்ல சேதி வராது என்பது என் அனுபவம்.

"டஸ்கின் போன் பண்ணினார் ரெவரெண்ட். 'பண்டிகையில மெல்லிக் எனக்காக நின்னு பாட வேண்டாம்'னு சொல்றார்."

"அவருக்காக மட்டுமா நிக்கறேன்? முந்நூறு பேருக்காக நிக்கறேன்."

"அதான் கஷ்டமே. நீங்க உங்களுக்காகப் பாடினா யாரும் தடுக்க முடியாது. அன்னிக்கு நீங்க முந்நூறு பேரோட வாய். 'இந்த வாய் எனக்கு வேண்டாம்'னு ஒருத்தர் சொன்னாலும் பழைய சட்டப்படி நான் காது கொடுத்தாகணும்."

"இருபத்தாறு வருஷமா நிக்கறேன் ரபி."

"தெரியும். மூணு தடவை போய்க் கேளுங்க. ஒரு தடவை ஆச்சு. முடியலைன்னா மான்செஸ்டர்ல ஒருத்தர் இருக்கார்."

ஒருத்தர்! எனக்குத் தெரியாதா? முப்பது வயது, சுருள்முடி, உச்சஸ்தாயியில் கண்ணாடி டம்ளர் உடையுமாம். அவன் ஒருமுறை வந்து நின்றால் போதும், மாடியில் உள்ள பெண்கள் அடுத்த வருஷம் என்னைக் கேட்கவே மாட்டார்கள்.

இரவு தூங்கவில்லை. பாடாவிட்டால் நான் யார்? தொப்பை உள்ள ஒரு வம்புக்காரன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 12, வியாழன்

இரண்டாம் முறை. மீன் கடையில் பிடித்தேன். டஸ்கின் ஒரே ஒரு துண்டு மீன் வாங்கிக்கொண்டிருந்தார். கோட்டு தோளில் தொங்கியது, ஆணியில் மாட்டியதுபோல.

"மிஸ்டர் டஸ்கின், எல்லார் முன்னாடியும் கேக்கறேன்..."

"எல்லார் முன்னாடியும்தான் உனக்குப் பேச வரும்."

மீன்காரர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கெண்டை மீன் வாங்கிவந்தேன். எங்கள் வீட்டில் யாரும் கெண்டை தின்பதில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

கோபம் வந்துவிட்டது. வாய் தவறுவது உலகத்தில் நடக்காததா? ரபியிடம் போய்ச் சொன்னேன்: "சரி, அவருக்கு வேண்டாம்னா வேண்டாம். அவரை விட்டுட்டு மத்தவங்களுக்காகப் பாடறேன். மனசுல ஒரு கோடு போட்டுக்கறேன், கோட்டுக்கு அந்தப் பக்கம் டஸ்கின்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒருத்தரை வேணும்னே வெளியே நிறுத்திட்டுப் பாடினா, உள்ளே இருக்கறவங்களுக்கும் அது சேராது ரெவரெண்ட். உங்க நண்பர்களுக்குக்கூடச் சேராது. நான் போட்ட சட்டம் இல்ல இது, ஐந்நூறு வருஷப் பழசு."

"அப்போ என்னை வேண்டாம்ங்கறவரை நான் சுமக்கணுமா?"

"அவரைச் சுமக்கத் தெரிஞ்சாத்தான் மத்தவங்களைச் சுமக்கறீங்கன்னு அர்த்தம்."

காபி குடிக்காத மனிதனுக்கு இவ்வளவு தெளிவு எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்கு வந்து குளியலறையில் பாடிப் பார்த்தேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமலே எவ்வளவு அழகாகப் பாடுகிறேன்!

செப்டம்பர் 24, செவ்வாய்

எழுதக் கூடாது. எழுதாவிட்டால் யாரிடமாவது சொல்லிவிடுவேன். ஆகவே எழுதுகிறேன்.

மூன்றாம் முறை சாட்சிகளோடு போக வேண்டும். ரபி, மேனி, இன்னொருவர், நான். டஸ்கின் கதவைத் திறந்து வரிசையாகப் பார்த்தார். "என்ன, பெட்டி தூக்க வந்தீங்களா?" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இவன் மட்டும் உள்ளே வரட்டும்."

கூடத்தில் பகலிலும் விளக்கு. அவர் கடையில் மிச்சப்பட்ட கனத்த திரைச்சீலைகள் எல்லா ஜன்னலிலும். ரோஷெலின் கேக் மேசையில் அப்படியே இருந்தது. ஒரு விள்ளல்தான் குறைந்திருந்தது.

"ஜூலையில டாக்டர் சொன்னாரு. கணையத்துல புற்று. கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, என் மூஞ்சியைப் பாக்கல. எனக்கும் அவருக்கும்தான் தெரியும். மகளுக்குக்கூடச் சொல்லல, பண்டிகை முடியட்டும்னு வச்சிருக்கேன். டீனாவுக்கு நான் ஒருத்தன்தான்."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டினார்.

"இருப்பா. அன்னிக்கு என் பேரைச் சொல்லி இறந்தவங்க ஜெபம் பாடினேன்னு உன் வாயால கேட்டேன். ஊர்ச் சேதியெல்லாம் உன்கிட்டதானே முதல்ல வரும்? சரி, இவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, இனி கிளாஸ்கோ முழுக்கத் தெரியும்னு நினைச்சேன். அன்னிக்கு வாசல்ல கேட்டேனே, யார் சொன்னதுன்னு? உன் மூஞ்சியைப் பாத்தேன். உனக்கு ஒண்ணும் தெரியல. அப்போதான் நிஜமா பயம் வந்தது. இவனுக்கு யாரும் சொல்லலைன்னா, இவன் வாயில வச்சது யாரு?"

நாக்கு நுனியில் மூன்று வேடிக்கைப் பேச்சு வந்து நின்றது. என் நாக்கு அப்படிப்பட்டது, சாவு வீட்டிலும் அதற்கு வேலை இருக்கும். மூன்றையும் விழுங்கினேன். ஒன்றுகூட ஜீரணமாகவில்லை.

"நான் வச்சதுதான் மிஸ்டர் டஸ்கின். வேற யாரும் இல்ல. மேலே இருக்கறவருக்குச் சேதி சொல்ல என்னைவிட நல்ல ஆள் கிடைக்காமலா போகும்?"

அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா, வலியா, தெரியவில்லை.

"மன்னிக்கறீங்களா?"

"தெரியல. இதை யார்கிட்டயும் சொல்லாம இரு. உன்னால முடியுதான்னு பாக்கலாம். அப்புறம் பாக்கலாம் மன்னிப்பெல்லாம்."

வெளியே மழையில் மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். "கேக் நல்லா இருந்ததாம்" என்றேன்.

செப்டம்பர் 25, புதன்

ரோஷெல் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் கேக்.

செப்டம்பர் 27, வெள்ளி

ரொட்டிக் கடையில் ஹெட்டி. கண் இரண்டும் பளபளவென்று இருந்தது.

"டஸ்கின் இளைச்சிருக்காரே, பாத்தீங்களா ரெவரெண்ட்? மெர்ன்ஸ் பக்கம் யாரோ ஒரு விதவையாம். அவளுக்காகப் பட்டினி கிடக்காராம்! இந்த வயசுல!"

சேதி எவ்வளவு தப்பு, உண்மை எவ்வளவு பக்கத்தில்! என் பல்லுக்குப் பின்னாலேயே இருந்தது.

"அப்படியா? நான் கேள்விப்படலையே."

ஹெட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

விதவைக் கதை சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும். சுற்றட்டும். இல்லவே இல்லாத அந்த விதவைக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்று மாலை புத்தாண்டு பிறக்கிறது. ரபி போனில்: "டஸ்கின்கிட்ட பேசினேன். சரின்னு சொல்லல. வேண்டாம்னும் இப்போ சொல்லல. 'நிக்கட்டும், பாக்கலாம்'னார். நீங்க நில்லுங்க ரெவரெண்ட்."

"மான்செஸ்டர்?"

"அவரை வர வேண்டாம்னுட்டேன். உள்ளே என்ன பேசினீங்கன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்."

இந்த மனிதருக்கு ஒரு நாள் நல்ல காபி போட்டுக் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 2, புதன்

பண்டிகை இரண்டு நாளும் நின்றேன். டஸ்கின் மூன்றாம் வரிசையில். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இந்த வருஷம் யார் வாழ்வார், யார் மடிவார் என்ற ஜெபம் வந்தபோது, ஊருக்குள் என்னைத் தவிர யாரும் நினைக்காத ஒரு பெயரை மனசில் பிடித்துக்கொண்டு பாடினேன். கமகம் போட வரவில்லை. நேர்க்கோடாகப் பாடி முடித்தேன்.

"குரல் கட்டிடுச்சா?" என்று மேனி கேட்டான்.

அக்டோபர் 8, செவ்வாய்

சூரியன் இறங்குவதற்குள் நோன்புக்கு முந்தைய கடைசிச் சாப்பாடு. கோழிச் சூப். வெள்ளை அங்கியை ரோஷெல் இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள். இதே அங்கியில்தான் என்னைப் புதைப்பார்கள். வருஷா வருஷம் இடுப்பில் ஒரு தையல் பிரித்துவிடுகிறாள்.

டஸ்கினிடமிருந்து இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

நானும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இதை எழுதும்போதே நம்ப முடியவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நேற்று மதிய ஜெபத்தில், பழைய ஆலயத்தில் தலைமைக் குரு நின்ற கதையைப் பாடும் இடத்தில், ஹஸான் முகம் குப்புற விழ வேண்டும். சும்மா விழுந்து எழ முடியாது. பாதங்களைச் சேர்த்தே வைத்திருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது. ஆகவே இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்கிவிடுவார்கள். வலப்பக்கம் ரபி, இடப்பக்கம் மேனி. என் எடையைப் பற்றி மேனி வருஷம் முழுக்கப் பேசுவான்.

விழுந்தேன். நெற்றி தரையில். கம்பளத்தில் பழைய தூசி வாசனை. பட்டினி வயிறு கடமுடவென்றது. அங்கேயே கிடந்துவிடலாம்போல் இருந்தது.

வலப்பக்கம் ரபியின் கை. இடப்பக்கம் ஒரு கை வந்தது. மேனியின் கை பஞ்சுத் தலையணை, எனக்குத் தெரியும். இது எலும்பு.

"எழுந்திரு ரெவரெண்ட். ஜனம் காத்திருக்கு." ஒரு மூச்சு வாங்கி: "நானும்தான்."

டஸ்கின். அங்கியின் கை அவர் மணிக்கட்டில் தொளதொளத்தது. என் பாரத்தை அவர்மேல் போட மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் முழங்காலை ஊன்றிக் கொஞ்சம் நானே எழுந்தேன். சட்டப்படி சரியா என்று ரபியைக் கேட்கப்போவதில்லை. மறுபடி விழும் இடங்களிலும் அவரே வந்தார். மேனி தன் இடத்தில் கைகட்டி நின்று, முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அதற்குமேல் எப்படிப் பாடினேன் என்று தெரியாது.

நோன்பு முடிந்து வீட்டில் ரோஷெல் டீ ஊற்றினாள். "மாடியிலேர்ந்து பாத்தேன். அந்த மனுஷன் கை... உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"என்ன தெரியும்?"

என்னைப் பார்த்தாள். ஹெர்ரிங் மீன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

அக்டோபர் 24, வியாழன்

பண்டிகைகள் முடிந்தன. டஸ்கின் டீனாவிடம் சொல்லிவிட்டார். இப்போது கடைசிக் காலத்து நோயாளிகளுக்கான இல்லத்தில் இருக்கிறார். ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஹெட்டி என் வீட்டு வாசலில் வந்து அழுதாள், விதவைக் கதைக்காக.

போய்ப் பார்த்தேன். ஜன்னலில் மெல்லிசான திரைச்சீலை. "என் கடையில இதைத் தரை துடைக்கக்கூட வச்சிருக்க மாட்டேன்" என்றார்.

பிறகு, "ஏம்ப்பா, கதவைச் சாத்து. ஒண்ணு பாடு" என்றார்.

"எது?"

"பாவநிவிர்த்தி நாள் சாயங்காலம், கடைசியா வாசல் சாத்தறதுக்கு முன்னாடி பாடுவியே. அது."

சட்டைப் பையைத் தடவினார், காதைச் சரிசெய்தார், தலையணையில் சாய்ந்தார். மெதுவாகத்தான் பாடினேன், நர்ஸ் வந்துவிடக் கூடாதே என்று. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறேன்யா" என்றார். "பரவாயில்லையே."

என் வாழ்நாளில் இப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. ரோஷெலிடம் இரண்டு தடவை சொன்னேன்.

நவம்பர் 20, புதன்

திங்களன்று அடக்கம். மண்ணெல்லாம் சேறு. மோசேயின் மகன் ஆரோன். இந்த முறை பெயர் சரி. சரியாகச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

இன்று மாலை துக்க வீட்டில் ஜெபம். அதே கனத்த திரைச்சீலைகள். டீனா தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விடைபெறப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு நீங்க பாடற நேரம்னா அவ்வளவு நிம்மதி ரெவரெண்ட். எப்பவும் சொல்வாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கமாக. இன்னும் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னாள்.

"ஏழெட்டு வருஷமா இதான். நீங்க தொண்டையைச் செருமினதும் காது மெஷினைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுப்பாராம். வாரத்துல அந்த நேரம்தான் உலகம் சத்தமில்லாம இருக்கும்பாரு."

ரபி பக்கத்தில் நின்று தன் டீயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும் ரெவரெண்ட். அதான் அன்னிக்கு உதட்டுல விரல் வச்சேன்."

அப்படியானால் ஆகஸ்ட் 22 காலையில் டஸ்கின் காதில் ஒன்றுமே விழவில்லை. கையில் விஸ்கி கிளாஸோடு நிம்மதியாக நின்றவரிடம் ஓடிப்போய்க் குனிந்து சொன்னவன் நான்தான்.